அலுவலகக் கல்வி: நாம் ஏறாமல் விட்ட படிக்கட்டு

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் சிறந்த தேர்ச்சி பெற்ற மாணவர்களின் படங்கள் நம் நாளேடுகளை அலங்கரிக்கின்றன. பெருமைக்குரிய செய்திதான். ஆனால், அந்தப் படங்களில் இடம்பெறாத மாணவர்கள் எங்கே போகிறார்கள் என்று நாம் கேட்டிருக்கிறோமா?

பெர்மாஸ் ஜெயாவில் வளர்ந்தவன் என்ற முறையில் நான் கண்ட வழிகள் மூன்று. முதலாவது, பாசிர் கூடாங் தொழிற்சாலைகள். இரண்டாவது, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை. மூன்றாவது, கடன் வாங்கிச் சேரும் தனியார் கல்லூரி. எங்கள் தாமானில் ஓர் அண்ணன் அப்படித்தான் சேர்ந்தார். படிப்பு பாதியில் நின்றது. கடன் மட்டும் நிற்கவில்லை. அவர் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத பாசிர் கூடாங்கிலேயே அரசாங்கச் சமூகக் கல்லூரி இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சமூகக் கல்லூரிகளை அமைக்க அமைச்சரவை 2000ஆம் ஆண்டு ஜூலையில் ஒப்புதல் அளித்தது. 2001இல் முதற்கட்டமாக 12 கல்லூரிகள் தொடங்கப்பட்டன. இவற்றில் இருவகைப் படிப்புகள் உண்டு. எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கான சான்றிதழ்ப் படிப்பு ஒன்று. வயது, கல்வித் தகுதி பாராமல் யாரும் சேரக்கூடிய குறுகியகாலப் பயிற்சி மற்றொன்று. வணிகச் செயல்பாடு, அடிப்படைக் கணக்கு, கணினியில் கடிதமும் அட்டவணையும் தயாரித்தல் போன்றவை இவற்றில் அடங்கும். எல்லாக் கல்லூரிகளிலும் எல்லாப் பாடங்களும் இருப்பதில்லை என்பதால் நேரில் விசாரிப்பதே நல்லது. கட்டணமோ தனியார் கல்லூரியோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு.

இருந்தும் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். “கிராணி வேலைக்கு ஒரு படிப்பா?” என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியின் வேர் தோட்டத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து எழுத்து வேலை முழுவதும் கிராணியின் கையில் இருந்தது. எத்தனை நாள் வேலை, எத்தனை ராத்தல் பால், எவ்வளவு பிடித்தம் என எல்லாவற்றையும் செக்ரோலில் எழுதியவர் அவர். ஆங்கிலம் படித்த மலையாளிகளும் இலங்கைத் தமிழர்களுமே பெரும்பாலும் அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். மரம் சீவியவர்கள் மேசைக்கு மறுபக்கம் நின்று, காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார்கள். தாளில் உள்ளதைப் படித்துக் கேள்வி கேட்கும் பழக்கம் அங்கே நமக்கு வாய்க்கவில்லை. தோட்டங்களை விட்டு நகரத்துக்கு வந்தோம். கிராணி நம்மோடு வரவில்லை. தாள்கள் மட்டும் வந்துவிட்டன.

ஒரு சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். 60 வயதுக்கு உட்பட்ட மலேசியத் தொழிலாளியின் சம்பளத்தில் 11 விழுக்காடு ஊழியர் சேமநிதிக்குப் போகிறது. சம்பளம் 5,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாவிட்டால் முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு சேர்க்க வேண்டும். மறுமாதம் 15ஆம் தேதிக்குள் அது கட்டப்பட வேண்டும். பிடித்த பணம் கட்டப்பட்டதா என்று பார்க்கத் தெரிந்த இளைஞர்கள் நம்மில் எத்தனை பேர்? அலுவலகத் திறன் படிப்பு வேலை தேடுவதற்கு மட்டும் பயன்படுவதன்று. உழைத்த காசைக் காப்பாற்றவும் அது வேண்டும்.

சிறு வியாபாரத்திலும் இதே நிலைதான். வியாபாரம் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் பதிந்தால் 60 ரிங்கிட். பதிவும் கணக்கும் இல்லாதவர் கடனுதவி கேட்டுப் போனால் எதைக் காட்டுவார்?

என் சித்தி பெர்மாஸ் ஜெயாவில் வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கிறார். வந்த பணமும் வீட்டுச் செலவும் ஒரே மில்லோ டின்னில்தான் கிடக்கும். தோழி ஒருவர் அழைத்ததால் இரண்டு நாள் கணக்குப் பயிற்சிக்குச் சென்றார். திரும்பி வந்து மாவு, எண்ணெய், எரிவாயு, பிளாஸ்டிக் பை என ஒவ்வொன்றையும் எழுதத் தொடங்கினார். தீபாவளிக்கு அதிகம் விற்கும் அச்சு முறுக்கில்தான் அவருக்கு மிகக் குறைந்த இலாபம் கிடைத்தது என்பது அந்த நோட்டுப் புத்தகத்தில்தான் தெரிந்தது. அடுத்த தீபாவளிக்கு விலையை மாற்றினார். வாடிக்கையாளர் யாரும் குறையவில்லை. எட்டு ஆண்டு உழைப்பு சொல்லாததை இரண்டு நாள் படிப்பு சொல்லிக் கொடுத்தது.

“இனி எல்லாவற்றையும் கணினியே செய்துவிடும், குமாஸ்தா எதற்கு?” என்று என் பல்கலைக்கழக நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக இ-இன்வாய்ஸ் முறை கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. இயந்திரம் அனுப்பும்; எதை அனுப்ப வேண்டும் என்று அறிந்தவர் ஒருவர் வேண்டுமல்லவா? 2025 ஜனவரி 7இல் ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தானது. புதிய நிறுவனங்கள் வந்தால் சரக்குக் கணக்கு, சம்பளப் பட்டியல், கொள்முதல் ஆவணம் ஆகியவற்றைப் பார்க்க ஆள் தேடுவார்கள். அப்போதும் நாம் வாயிற்காவலராகவும் லாரி ஓட்டுநராகவும் மட்டுமே உள்ளே நுழையப் போகிறோமா?

தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே சிறு நகரங்களில்கூடத் தட்டச்சு நிலையங்கள் உண்டு. லோயர், ஹையர் தேர்வு எழுதியவர்கள் குரூப் 4 தேர்வு வழியாகத் தட்டச்சர் பணிக்குப் போகிறார்கள். பட்டதாரிகளும் அந்தப் பெஞ்சில் வெட்கமின்றி அமர்கிறார்கள். அடிப்படைத் திறனைக் கற்பதில் இழுக்கில்லை என்று அந்தச் சமூகம் என்றோ ஏற்றுக்கொண்டது.

ஒரு சான்றிதழ் எல்லாக் கதவையும் திறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் பயிற்சி யாருக்கும் மேலாளர் பதவியைத் தராது. இது படிக்கட்டு, மாடி அன்று. ஆனால், சான்றிதழ் முடித்தவர் பொலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். இப்ராஹிம் சுல்தான் பொலிடெக்னிக் பாசிர் கூடாங்கில்தான் இருக்கிறது. படியில் கால் வைக்காதவருக்கு மாடி எட்டாது.

தமிழ்ப்பள்ளியில் படித்து, தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன் நான். அறிவிப்பு மலாயில் இருந்தால் நம் தாய்மார்கள் அதைக் கடந்து போய்விடுவதைப் பார்த்து வளர்ந்திருக்கிறேன். இங்குதான் நம் மொழிக் கழகத்துக்கு வேலை இருக்கிறது. நாடகமும் பட்டிமன்றமும் நடத்தும் நாம், பருவ விடுமுறையில் ஊர் திரும்பும்போது ஒரு நாளை ஒதுக்க முடியாதா? கோயில் மண்டபத்தில் ஐந்தாம் படிவ மாணவர்களையும் பெற்றோரையும் அமர்த்தி, அருகிலுள்ள கல்லூரியில் என்ன பாடம், எவ்வளவு கட்டணம், எப்போது விண்ணப்பம் என்று தமிழில் விளக்கலாம். பாரத்தை நாமே நிரப்பிக் கொடுத்துவிடாமல், நிரப்பக் கற்றுக்கொடுக்கலாம். தமிழை வளர்ப்பது என்றால் தமிழரின் கையில் பேனாவைக் கொடுப்பதும் அதில் சேரும்.

வரும் விடுமுறையில் பெர்மாஸ் ஜெயாவில் இதைத் தொடங்க நான் அணியமாக இருக்கிறேன். உங்கள் ஊரில் யார் தொடங்கப் போகிறீர்கள்?