இரட்டை வழி என்னும் பொய்த் தைரியம்

டித்வா புயல் ஓய்ந்த பின்னும் கண்டி அலுவலகங்களில் ஒரு பேச்சு ஓயவில்லை. "எங்கட சேர்வருக்கு எல்லாமே ரெண்டு ரெண்டு. ஒன்று போனா மற்றது தானா எடுத்துக்கொள்ளும். டேட்டாவுக்குப் பயமில்லை." தனியார் மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம், தோட்ட நிர்வாகம், டியூட்டரி என்று இடம் எதுவானாலும் வாசகம் இதுதான். சேர்வர் விற்பவர்களின் விலைமனுக்களிலும் இதுவே கொட்டை எழுத்தில் நிற்கிறது. இதைக் கேட்கக் கேட்கக் கோபம் வருகிறது. ஏனென்றால் இதைச் சொல்பவர்கள் 2025 நவம்பர் கடைசி நாட்களை இதே ஊரில் இருந்து பார்த்தவர்கள். கொழும்புக்கு இறங்கக் கண்டிக்கு வீதி ஒன்று, ரயில் ஒன்று என இரண்டு பிரதான வழிகள் உண்டு. வீதி 1820களில் வெட்டியது, ரயில் 1867இல் வந்தது. இரண்டும் ஏறுவது ஒரே கடுகண்ணாவை மலையில். நவம்பர் 22ஆம் திகதி பஹல கடுகண்ணாவையில் மண் சரிந்து உயிர்களைக் குடித்தது, வீதி மூடப்பட்டது. அடுத்த வாரமே புயல் வந்தது, ரயில் பாதையும் அறுந்தது. வழிகளை இரண்டென்று எண்ணிய ஊருக்கு அந்த வாரம் எண்ணிக்கை உதவவில்லை. மலை ஒன்றாக இருந்ததுதான் கணக்கில் வந்தது. இதைக் கண்ணால் கண்ட பிறகும் சேர்வர் அறைக்குள் நுழைந்ததும் பழைய கணக்கையே போடுகிறார்கள்.

இவர்கள் நம்பிக்கை வைத்திருக்கும் ஏற்பாடு என்ன செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதைப் பார்ப்போம். பெரிய சேர்வர்களில் டிஸ்க் பெரும்பாலும் சேர்வருக்குள் இருப்பதில்லை. தனியான சேமிப்புப் பெட்டியில் இருக்கும். சேர்வரிலிருந்து இரண்டு கார்டுகள், இரண்டு சுவிட்சுகள், பெட்டியில் இரண்டு கண்ட்ரோலர்கள் என்று வயர்களை இரட்டையாக இழுப்பார்கள். அப்படி இழுத்ததும் ஒரே டிஸ்க் இயங்குதளத்தின் கண்ணுக்கு இரண்டாக, சில வேளை நான்காகத் தெரியும். லினக்ஸில் மல்டிபாத் என்ற மென்பொருளும், விண்டோஸ் சேர்வரில் எம்.பி.ஐ.ஓ. என்ற வசதியும் அந்தத் தோற்றங்களைச் சேர்த்து ஒரு டிஸ்க்காகக் காட்டும். ஒரு வயர் அறுந்தால் அடுத்ததன் வழியே வேலையைத் தொடரும். நல்ல வேலைதான், ஒரு வயரோ கார்டோ பழுதானதற்காகப் பிரசவ விடுதியின் பதிவுகள் திறக்காமல் போகக் கூடாது. ஆனால் இரண்டு வழிகளும் போய்ச் சேருவது ஒரே தரவைத்தான். போகும் பாதை இரட்டிக்கிறது, போய்ச் சேரும் பொருள் இரட்டிப்பதில்லை. தவறான கட்டளை ஒன்று அந்தத் தரவை அழித்தால், அழிப்பதற்கும் இரண்டு வழிகள் தயாராக இருக்கும்.

இந்த நம்பிக்கையின் விலை என்னவென்று அறிய வெளிநாடு போக வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட்டில் நம் அரசின் லங்கா கவர்மென்ட் கிளவுட்டைக் கப்பம் கேட்கும் நச்சுநிரல் தாக்கியது. அரசு மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 அதில் சிக்கின. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடங்கும். 12 மணித்தியாலத்துக்குள் சேவை மீண்டதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் சொன்னது. இரட்டை இரட்டையாக வைத்திருப்பவர்கள் பெருமைப்படும் வேகம் அது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை. அந்தக் காலத்துக்குரிய பிரதிகளையும் நச்சுநிரல் பூட்டியிருந்தது, தொடர்பறுத்துத் தனியே வைத்த பிரதி இல்லை. சேவை எழுந்து நின்றது, தரவு செத்துக் கிடந்தது. 12 மணித்தியாலத்தையும் மூன்று மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்கள் பாதுகாப்பைப் பற்றிப் பேசக் கூடாது. "சிஸ்டம் விழாது" என்பது ஒரு வாக்குறுதி, "பதிவு அழியாது" என்பது வேறொரு வாக்குறுதி. முதலாவதற்குக் காசை வாங்கிக்கொண்டு இரண்டாவதையும் தந்ததாக நம்பவைப்பது மோசடி.

ஆகவே எத்தனை இருக்கிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு, இரண்டுக்கும் பொதுவாக எது இருக்கிறது என்று கேட்க வேண்டும். இரண்டு பவர் சப்ளை உள்ள சேர்வரின் இரு வயர்களும் ஒரே யூ.பி.எஸ்ஸில் செருகப்பட்டிருந்தால் அங்கே இருப்பது ஒரு வழி. இரண்டு ஃபைபர் இணைப்புகள் ஒரே கம்பத்தில் தொங்கினாலும் அப்படித்தான். நம் தேசிய மின்கட்டமைப்பே இதற்குச் சாட்சி. மலைநாட்டு நீர்மின்சாரத்தைக் கீழே கொண்டுபோகும் கொத்மலை–பியகம 220 கிலோவோல்ட் கடத்தி இரட்டைச் சுற்றுக் கொண்டது. 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9 என இரு முறை நாடு முழுவதும் இருண்டபோது பழுது தொடங்கியதாக அறிவிக்கப்பட்டது அந்தக் கடத்தியில்தான். பொதுவானது கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். 2019 நவம்பரில் எச்.பி.ஈ. நிறுவனம் தன் எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகளில் சில வகைகள் 32,768 மணித்தியாலம் ஓடியதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணித்தியாலத்தில், செத்துவிடும் என்று அறிவித்தது. உள்ளே பதித்த மென்பொருளில் இருந்த பிழை. ஒரு நாளில் வாங்கி ஒரு நாளில் மின்சாரம் கொடுத்த டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாகும். ரெய்ட் முறையில் ஒன்றின் பிரதியை மற்றொன்றில் வைத்திருந்த ஏற்பாடு முழுவதும் இந்தப் பிழையின் முன் அர்த்தமிழக்கிறது, ஏனென்றால் அவற்றுக்குப் பொதுவாயிருந்தது பிறந்தநாள். உதிரிச் சாவியையும் அதே கொத்தில் கோத்து வைத்தவர் கொத்தைத் தொலைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகிறது. லங்கா கவர்மென்ட் கிளவுட்டில் மூலத்துக்கும் அந்த மூன்று மாதப் பிரதிகளுக்கும் பொதுவாக இருந்தது வலையமைப்பு. நச்சுநிரல் இரண்டையும் எட்டியது.

இந்த இரட்டை ஏற்பாடுகள் தம் பழுதைத் தாமே மறைக்கின்றன என்பதுதான் இதைவிடக் கொடுமை. ஒரு வழி அறுந்ததும் மற்றது எடுத்துக்கொள்கிறது, வேலை நிற்பதில்லை, ஆகவே யாரும் பார்ப்பதில்லை. மல்டிபாத் நிலையைக் காட்டும் கட்டளையை வாரம் ஒரு முறை அடித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். எச்சரிக்கை மின்னஞ்சல் உயிருள்ள பெட்டிக்குப் போக வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் நாட்டை விட்டுப் போன கணினிப் பணியாளர்களின் பெயரிலேயே இன்னும் எச்சரிக்கைகள் போகும் அலுவலகங்கள் இங்கே இல்லையென்று யாராவது நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். முதல் வழி சித்திரையில் சாகிறது, இரண்டாவது ஆடியில் சாகிறது, ஆடியில்தான் அலுவலகத்துக்கு இழப்பு தெரிகிறது. அமைப்புகளைப் படிக்காமல் விடுவதும் இதே கதை. எல்லா வழியும் போனால் என்ன செய்வது என்று மல்டிபாத்தில் ஓர் அமைப்பு உண்டு. அதில் 'கியூ' என்று எழுதி வைத்தால், டிஸ்க் திரும்பும்வரை மென்பொருள்கள் முடிவில்லாமல் காத்து உறைந்துபோகும். சேர்வர் உயிரோடிருப்பதாகத் தெரியும், ஆகவே அடுத்த சேர்வர் பொறுப்பை ஏற்காமல் நிற்கும். சேமிப்புப் பெட்டியை வலையமைப்பு வழியே இணைக்கும் ஐஸ்கசி முறை, லினக்ஸில் இணைப்பு அறுந்ததும் இயல்பாக 120 விநாடி காத்திருக்கும். மல்டிபாத்துடன் சேர்க்கும்போது அதை 5 விநாடி அளவுக்குக் குறைக்க வேண்டும். இரண்டு நிமிடம் நோயாளிப் பதிவு அசையாவிட்டால் தாதியர் கணினியை நிறுத்தித் திருப்பிப் போடுவார்கள், அதில் இன்னும் கொஞ்சம் கெடும். ஒன்று போனால் மற்றது எடுத்துக்கொள்ளும் ஃபெயில்ஓவர் ஏற்பாட்டை, வயரைப் பிடுங்கிப் பார்க்காமல், வேலை செய்யும் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

"இதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லாம் கிளவுட்" என்பார்கள். லங்கா கவர்மென்ட் கிளவுட்டின் பெயரிலேயே கிளவுட் இருக்கிறது. அந்த நச்சுநிரல் தாக்குதலுக்கு இரண்டு ஆண்டு முன், 2021இல், மருந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவு அழிந்ததும் அதே கிளவுட்டில்தான். அந்த முறை வெளியிலிருந்து யாரும் பூட்டவில்லை, அழிப்பு நடந்தது. கிளவுட் என்பது வேறொருவரின் கட்டடத்தில் உள்ள சேர்வர். 2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓ.வி.எச். தரவு மையம் எரிந்தபோது, பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். தென்கொரியாவின் டேஜோன் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று மின்கலத் தீ அரசுத் தரவு மையத்தை முடக்கியது. ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவில் 858 டெராபைட் போனது. அளவு பெரிது என்று வெளியே பிரதி எடுக்கவில்லையாம். உலகின் முன்னணித் தொழில்நுட்ப நாட்டின் அரசே இந்த நம்பிக்கையில் விழுந்ததென்றால், கண்டியில் ஒரு மாடியில் இயங்கும் நிறுவனம் தான் தப்பியதாக நினைப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்த ஊரில் சேர்வர் வாங்கக் காசு இருக்கிறது, அதைப் பார்ப்பவருக்குக் கொடுக்கக் காசு இல்லை. பிரிண்டரில் சிக்கிய தாளை இழுப்பவரிடமே சேமிப்புப் பெட்டியின் பொறுப்பும் இருக்கிறது. கேள்விப்பத்திரத்தில் ஆகக் குறைந்த விலை வென்றதும் விற்றவர் கொழும்புக்குத் திரும்புகிறார், கடவுச்சொல்லும் அவரோடு போகிறது. கடுகண்ணாவை அடைபட்டு, தொலைபேசியும் இணையமும் மலைநாட்டின் பல பகுதிகளில் அறுந்திருந்த அந்த நாட்களில் அந்தக் கடவுச்சொல் எந்த வழியாக வந்திருக்கும்? இயங்குதளத்தின் கையேடுகளோ ஆங்கிலத்தில். தமிழில், சிங்களத்தில் இவற்றைக் கற்பிக்கும் நல்ல நூல் தேடினாலும் கிடைப்பதில்லை. கற்பிக்காமல் வைத்துவிட்டு "தானாகவே எடுத்துக்கொள்ளும்" என்று சொல்லிக்கொடுக்கிறோம்.

பதிவு அழிவது என்றால் என்னவென்று மலையகத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இந்த மண்ணில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. தேயிலைக்கு உரமாகிப்போன தலைமுறைகள் இங்கே பிறந்ததை எல்லோரும் அறிவார்கள், காகிதம் மட்டும் இருக்கவில்லை. காகிதம் இல்லாததால் லட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். புயலில் லயன் அறைகள் மண்ணுக்குள் போனபோது அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் சேர்ந்து போயின. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு மிச்சமிருப்பது ஓர் அலுவலகத்தின் பதிவு மட்டுமே. வைத்தியசாலைப் பதிவோ, பாடசாலை அனுமதிப் பதிவோ, ஊழியர் சேமலாப நிதிக் கணக்கோ, எதுவானாலும் அதைக் காப்பவர் வழிகளை எண்ணிக் காட்டித் தப்பிக்க முடியாது.

செலவு கட்டுப்படியாகாது என்பது கடைசிச் சாக்கு. இரண்டாவது சுவிட்சும் இரண்டாவது கார்டும் வாங்கிய நிறுவனம் இதைச் சொல்லக் கூடாது. அதைவிடக் குறைந்த விலைக்கு வெளி டிஸ்க்குகள் சில கிடைக்கின்றன. வாரம் ஒன்றில் பிரதி எடுத்து, வயரைக் கழற்றி, குருநாகலுக்கோ மாத்தளைக்கோ அனுப்பி வைக்கலாம். மகாவலிக் கரையிலும் வேண்டாம், மண்சரிவு எச்சரிக்கை உள்ள சரிவிலும் வேண்டாம். அந்தப் பிரதிக்கு வேறு கடவுச்சொல், அதை அறிந்தவர் கண்டியிலேயே இருவர். காலாண்டுக்கு ஒரு முறை வெற்றுக் கணினி ஒன்றில் அதைத் திருப்பி ஏற்றி, பதிவுகள் திறக்கின்றனவா என்று பதிவாளர் முன்னிலையில் பார்க்க வேண்டும். அடுத்த கேள்விப்பத்திரத்தில் ஒரு நிபந்தனை சேருங்கள்: பட்டப்பகலில், வேலை நடக்கும்போது, நிறுவனத்தின் ஆள் தான் தெரிவு செய்யும் வயரைப் பிடுங்குவார், பிறகு எல்லா வயரையும் பிடுங்கி, வெளியூர்ப் பிரதியிலிருந்து மீட்டுக் காட்டச் சொல்வார், இரண்டும் நடந்த பின்னரே கடைசித் தவணைக் காசோலை கையெழுத்தாகும்.