“டெட்லாக்” பிறந்த கதை

பேச்சு வார்த்தை நின்றுபோனால் ஆங்கிலத்தில் “டெட்லாக்” என்பார்கள். தமிழ்ப் பத்திரிகைகள் “முட்டுக்கட்டை” என்று எழுதும். இது முழுப் பொருத்தம் அல்ல. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் வெளியே நிற்கிறார். அவர் கட்டையை எடுத்தால் தேர் ஓடும்.

“டெட்லாக்” கதையே வேறு!

1779-ம் ஆண்டு லண்டனில் ஷெரிடன் எழுதிய “தி கிரிட்டிக்” என்ற கேலி நாடகம் அரங்கேறியது. அதில் ஒரு காட்சி. இரண்டு பெண்கள் காதலனைக் குத்தக் கத்தியை ஓங்குகிறார்கள். அவர்களுடைய மாமன்மார் இருவர் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு, காதலன் மீது வாளை நீட்டுகிறார்கள். அவனும் சும்மா இருப்பானா? இரண்டு கத்திகளை உருவிப் பெண்களின் நெஞ்சுக்கு நேரே பிடிக்கிறான்!

முதலில் கையை எடுக்க எல்லோருக்கும் பயம். ஐந்து பேரும் சிலைபோல நிற்கிறார்கள். அந்த நிலைக்கு நாடகத்தில் சொன்ன பெயர்தான் “டெட்லாக்”. அகராதிகள் இந்தச் சொல்லுக்குக் காட்டும் பழைய சான்று இதுவே. பூட்டு வெளியில் இல்லை. அவரவர் கைதான் பூட்டு!

பிறகு ஒரு காவலாளி வந்து, ராணியின் பெயரால் ஆயுதங்களைப் போடச் சொல்கிறான். எல்லோரும் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள்.

பெல்ஜியத்தில் 2010-ம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு கட்சிகள் இப்படித்தான் நின்றன. மன்னரால் ஆணையிட முடியாது. சமரசத் தூதர்களைத்தான் அனுப்பினார். புதிய மந்திரிசபை பதவி ஏற்க 541 நாள் ஆயிற்று!