சிரிக்க வைக்கும் உரிமை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த பேருந்திலிருந்து, முகம் வெளிறிப்போன இளைஞர் ஒருவர் சோளக்காட்டில் இறங்கினார். சந்தையோரம் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “எழுபதையும் எண்ணுனியா சாமி, இல்ல ஒண்ணு ரெண்டை வாந்தியோட விட்டுட்டியா?” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இளைஞரும் சிரித்துவிட்டார்.

கீழ்நாட்டுக்காரர்களைப் பற்றி மலைக்காரர் ஒருவர் அடிக்கும் இப்படியொரு கேலியைத் தமிழ்த் திரையில் நான் கேட்டதில்லை.

‘சாட்டர்டே நைட்’ படம் பார்த்தபோது அந்த மூதாட்டிதான் நினைவுக்கு வந்தார். ஜேசன் ரைட்மன் இயக்கி 2024-ல் வெளியான படம் அது. நியூயார்க்கில் 1975 அக்டோபர் 11 இரவு, ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற நேரலை நகைச்சுவை நிகழ்ச்சி முதன்முதலாக ஒளிபரப்பாவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம்தான் கதை. முதல் குழுவில் ஏழு பேர். மூவர் பெண்கள். கறுப்பினத்தவர் ஒரே ஒருவர்: கேரட் மோரிஸ். ஜூலியார்டில் இசை பயின்றவர், நாடகாசிரியர். முதலில் எழுத்தாளராகத்தான் சேர்க்கப்பட்டார்; பிறகே நடிகரானார். படத்தில் லமார்ன் மோரிஸ் நடித்திருக்கும் அந்தப் பாத்திரம், தனக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வியோடு அலைகிறது. கேள்வியை எழுப்பியதற்காகப் படத்தைப் பாராட்டலாம். ஆனால், பதிலுக்குக் காத்திராமல் அடுத்த களேபரத்துக்கு ஓடிவிடுகிறது.

‘அன்று அப்படித்தானே இருந்தது’ என்பார்கள் பீரியட் படம் எடுப்பவர்கள். அறைக்குள் யார் இருந்தார்கள் என்பது மாற்ற முடியாததுதான். கேமரா யார் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதோ இன்றைய இயக்குநரின் முடிவு.

அதே 1975-ல், ஆகஸ்ட் 15 அன்று, சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அதன் நகைச்சுவையில் சபா நாடகக் குழுக்களுக்குப் பெரிய இடம் இருந்தது. அந்தக் காலத்தைப் பற்றி நாளை யாராவது படமெடுத்தால், கொல்லிமலைக்காரர் ஒருவரை அந்த ஸ்டுடியோவுக்குள் வலிந்து நுழைக்க வேண்டியதில்லை. தழை உடுத்தி, ஈட்டி பிடித்து, பொருளற்ற ஓசைகளைக் கத்தும் ‘மலைவாசி’ வேடத்தை வைத்து நம் சினிமா பல காலம் சிரிப்பு மூட்டியதைக் காட்டினாலே போதும். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழியினர் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் மூன்றரை லட்சம் பேர். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடி. 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டு: சேந்தமங்கலம், ஏற்காடு. நகைச்சுவை எழுதும் மேசையில் அந்த இரண்டு இடங்களாவது உண்டா?

‘ஜெய் பீம்’ (2021), ‘விடுதலை’ (2023) போன்றவை வந்த பிறகு திரை மாறியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. அவை வர வேண்டிய படங்கள். 1993-ல் காவல் துறையினரின் வதையில் இறந்த ராசாக்கண்ணு குறவர் சமூகத்தவர் என்பதையும், அவர் கதையைச் சொன்ன ‘ஜெய் பீம்’ அவரை இருளராக்கியது என்பதையும் குறவர் சமூகத்தினர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அதைவிடவும் எனக்கு உறுத்துவது வேறு. நேற்றுவரை கேலிப்பொருளாக நின்றவர்கள் இன்று அடிபட்டுக் கதறுகிறார்கள். அன்று அவர்களைப் பார்த்துச் சிரித்தோம், இன்று அவர்களுக்காக அழுகிறோம். அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கும் காட்சி மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. சிரித்தே கொல்லும் பாவை காவல் நிற்பதாகச் சொல்லப்படும் மலை கொல்லிமலை!

நகைச்சுவைப் போட்டிகளுக்கு ஆள் தேடும் தொலைக்காட்சிகள் கொல்லிமலையின் செம்மேடு வரை வரட்டும். மேடையேற்றுவதற்கு மட்டுமல்ல, எழுத வைப்பதற்கும்.

அன்று சோளக்காட்டில், அந்த இளைஞர் கையில் இரண்டு சுளைகளை வைத்துவிட்டு மூதாட்டி சொன்னார்: “தின்னுக்க சாமி. இறங்கையில இன்னும் எழுபது இருக்கு.”