குழந்தைகள் சொன்னால் யார் கேட்பது?

புது தில்லி: பிகார் மாநிலம் முசாபர்பூர் சிறுமியர் காப்பகப் பாலியல் கொடுமை வழக்கில், தில்லி சாகேத் நீதிமன்றம் 2020 ஜனவரி 20ஆம் தேதி 19 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்மானித்தது. காப்பகத்தை நடத்தியவரின் பெயரே மறுநாள் நாளிதழ்களில் பெரிதாக இடம்பெற்றது. அந்தப் பட்டியலில் இருந்த வேறு மூவரைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஒருவர் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவர். இன்னொருவர் அதே குழுவின் உறுப்பினர். மூன்றாமவர் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி. ஆதரவற்ற குழந்தைகளின் குறைகளைக் கேட்பதற்கென்றே அமர்த்தப்பட்டவர்கள் இவர்கள்.

உண்மை வெளிவந்த விதம் இதைவிடக் கவனிக்கத்தக்கது. அரசு நிதியில் நடந்த அந்தக் காப்பகத்துக்கு அதிகாரிகள் ஆய்வுக்காகச் சென்று வந்துகொண்டுதான் இருந்தனர். ஆனால் பிகார் அரசின் வேண்டுகோளின்படி, மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு ஒன்று மாநிலத்தின் காப்பகங்களைச் சமூகத் தணிக்கை செய்து 2018இல் அறிக்கை அளித்த பிறகே வழக்கு பதிவாயிற்று. அந்தக் குழுவினர் கையாண்ட முறையில் மந்திரம் ஏதுமில்லை. குழந்தைகளோடு அமர்ந்து பேசினார்கள், சொன்னதைக் கேட்டார்கள், கேட்டதை எழுதினார்கள்.

சட்டத்தில் குறை இருந்ததா? இல்லை. குழந்தைகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றது. தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துக் கூறக் குழந்தைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்பளிக்க வேண்டும் என்று அதன் 12ஆவது பிரிவு கூறுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதையே தன் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாக வைத்தது. ஒவ்வொரு காப்பகத்திலும் 6 முதல் 10 வயது, 11 முதல் 15, 16 முதல் 18 என மூன்று பிரிவினருக்கும் தனித்தனியே குழந்தைகள் குழு அமைய வேண்டும் என்றும், ஆலோசனைப் பெட்டி வைக்க வேண்டும் என்றும் 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் கூறுகின்றன. குழந்தை பேசலாம் என்பதற்கு விதிகள் ஏராளம். பேசிய பின் பதில் சொல்ல வேண்டியவர் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற இடத்தில்தான் விதிகள் மௌனமாகிவிடுகின்றன.

குடும்பம் உடையும்போது இந்தியச் சட்டம் குழந்தையின் பக்கம் சற்றுத் திரும்பிப் பார்க்கிறது. விவரம் தெரிந்த வயதுடைய சிறுவர் யாரிடம் இருக்க விரும்புகிறார் என்பதை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது, 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 17ஆவது பிரிவு. 'கொள்ள வேண்டும்' என்றல்ல, 'கொள்ளலாம்' என்றே. அன்னிய ஆட்சியில் எழுதப்பட்ட அச்சொல் இன்றும் மாறவில்லை. நீதிபதிகள் பலர் குழந்தையைத் தனியே தம் அறைக்கு அழைத்துப் பேசுகிறார்கள் என்பது உண்மை. யார் வசம் இருக்கிறதோ அவர் சொல்லிக் கொடுத்ததையே குழந்தை ஒப்பிக்கும் என்ற ஐயமும் அவர்களுக்கு உண்டு. அது நியாயமான ஐயமே. எந்தச் சூழலில், எப்படிக் கேட்பது என்பதற்கு வழிமுறைகள் தேவை என்பதைச் சட்ட ஆணையம் தனது 257ஆவது அறிக்கையில் 2015இலேயே எடுத்துக் கூறியது. அதன் பிறகும் அந்தப் பழைய சட்டமே நடைமுறையில் இருக்கிறது.

பன்னிரண்டில் ஒரு பங்கு

பள்ளிக்கூடத்தின் நிலை இன்னும் வியப்பானது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். எஞ்சிய கால் பங்கை மத்திய அரசின் மாதிரி விதிகள் மூன்றாகப் பிரித்தன. ஒரு பகுதி உள்ளாட்சி உறுப்பினர்களுக்கு. ஒரு பகுதி ஆசிரியர்களுக்கு. மூன்றாவது பகுதி உள்ளூர்க் கல்வியாளர்களுக்கு அல்லது அப்பள்ளிக் குழந்தைகளுக்கு. இந்த 'அல்லது' என்பதை முடிவு செய்வதும் குழுவிலுள்ள பெற்றோரே. 24 பேர் கொண்ட குழு என்றால் குழந்தைக்குக் கிடைக்கக் கூடியது அதிகபட்சம் 2 இடங்கள். அதுவும் ஊரில் கல்வியாளர் எவரும் அந்த நாற்காலியை விரும்பாதபோது.

ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களை, மறுதேர்வு வாய்ப்புக்குப் பின் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என்று மத்திய அரசு 2024 டிசம்பரில் விதிகளைத் திருத்தியது. தமிழ்நாடு அதை ஏற்காமல் பழைய முறையே தொடரும் என்று அறிவித்தது. இது குறித்துப் பல ஆண்டுகளாக மாநில அரசுகளும் ஆசிரியர்களும் பெற்றோரும் வாதிட்டு வந்துள்ளனர். தோழர்கள் அடுத்த வகுப்புக்குச் செல்ல, அதே பெஞ்சில் மீண்டும் உட்காரப் போகிறவரிடம் கருத்துக் கேட்குமாறு சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. சட்ட முன்வரைவுகளை 30 நாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் வகுக்கப்பட்ட கொள்கை ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பு மாணவி அதைப் படித்துக் கருத்து அனுப்புவாள் என்று அதை வகுத்தவர்களே எண்ணியிருக்க மாட்டார்கள்.

கேட்காமலேயே குழந்தைகள் பேசிவிட்ட நிகழ்ச்சியும் உண்டு. ஊட்டச்சத்துக் குறைபாடும் ரத்தசோகையும் மிகுந்த வட கர்நாடக மாவட்டங்களில், 2021 டிசம்பரில் மதிய உணவுடன் முட்டை வழங்கத் தொடங்கியது அந்த மாநில அரசு. முட்டை உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம். லிங்காயத்து மடாதிபதிகள் சிலர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். அரசு பின்வாங்கிவிடுமோ என்ற ஐயம் எழுந்த வேளையில், கொப்பள் முதலிய இடங்களில் மாணவியரே எழுந்து, எங்களுக்கு முட்டை வேண்டும், எங்கள் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் ஏன் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டனர். அந்தப் பேச்சின் காணொலி மாநிலம் முழுவதும் பரவியது. முட்டை நிற்கவில்லை, அடுத்த கல்வியாண்டில் பிற மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. சத்துணவில் முட்டையைப் பல்லாண்டுகளாகக் கண்டுவரும் தமிழக வாசகர்களுக்கு இந்தச் சர்ச்சையே விந்தையாகத் தோன்றக்கூடும். ஆனால் அங்கே அது சாதி, சமயம், அரசியல் என மூன்று முடிச்சுகள் விழுந்த பிரச்னை. அந்த முடிச்சை அசைத்தவர்களில் சாப்பிடுகிறவர்களும் இருந்தார்கள்.

கர்நாடகத்தின் முன்னோடி

இதே கர்நாடகம்தான் குழந்தைகள் பேசுவதற்கு ஆண்டுக்கு ஒரு நாளை முறைப்படி ஒதுக்கிய மாநிலம் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்திலும் 'மக்கள கிராம சபை' நடத்த வேண்டும் என்று 2006இல் மாநில அரசு ஆணையிட்டது. கன்னடத்தில் மக்கள் என்றால் குழந்தைகள். நம் 'மக்கட்பேறு' என்ற சொல்லில் அப்பொருள் இன்றும் தங்கியிருக்கிறது. அதற்கு முன்பே, உடுப்பி மாவட்டம் குந்தாபுரம் வட்டத்தில், உழைக்கும் குழந்தைகளின் அமைப்பான பீமா சங்கமும் அதற்குத் துணைநின்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து குழந்தைகள் பஞ்சாயத்துகளை உருவாக்கியிருந்தன.

அந்த ஊர்க் குழந்தைகள் முன்வைத்தவை கொள்கை முழக்கங்கள் அல்ல. மழைக்காலத்தில் ஓடையைக் கடக்க நடைபாலம் இல்லாததால் பள்ளிக்குப் போக முடியவில்லை. விறகு சேகரிக்க வெகுதூரம் செல்ல வேண்டியிருக்கிறது. பள்ளி செல்லும் வழியில் மதுக்கடை இருக்கிறது. இவற்றில் கல்வித் துறையின் கோப்புகளில் இடம்பெறத்தக்கது எது? பள்ளியை விட்டு நின்ற குழந்தைகளின் கணக்கு அங்கே இருக்கும், ஓடை இருக்காது. பெரியவர்கள் தயாரிக்கும் திட்டங்களில் விடுபடுவது இத்தகைய செய்திகளே. அதனால்தான் குழந்தைகளைக் கேட்பது கருணையின்பாற்பட்ட செயல் என்பதைவிட, நிர்வாகத்துக்குத் தேவையான தகவலைப் பெறும் வழி என்று கொள்வதே பொருத்தம்.

கர்நாடக முறையின் உயிர் எங்கே இருக்கிறது? பேச இடம் தருவதில் அல்ல. பஞ்சாயத்துத் தலைவரும் பல துறை அலுவலர்களும் குழந்தைகளுக்கு எதிரே அமர்ந்து, சென்ற ஆண்டுக் கோரிக்கைகள் என்னவாயின என்று சொல்ல வேண்டியிருப்பதில். எல்லா ஊர்களிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று கூறிவிட முடியாது. குழந்தைகள் தினத்தையொட்டி ஒரு பாட்டு, ஒரு நடனம், தலைவருக்கு மாலை என்று முடித்துவிடும் பஞ்சாயத்துகளும் உண்டு. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகமும் இன்று 'குழந்தைகளுக்கு உகந்த கிராமம்' என்பதை ஊராட்சித் திட்டமிடலின் 9 கருப்பொருள்களில் ஒன்றாக வைத்து, பால சபைகளை ஊக்குவிக்கிறது. பதில் சொல்லும் பொறுப்பு யாருக்கு என்பது தெளிவாகாவிட்டால் அவையும் மாலையோடு முடிந்துவிடக்கூடும்.

கேட்பதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. குழந்தைகள் நாம் விரும்புவதையே சொல்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1996இல் இதே குந்தாபுரத்தில் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் உழைக்கும் குழந்தைகள் கூடிப் பத்து அம்சப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டனர். குழந்தைகள் தயாரித்த பொருள்களைப் புறக்கணிப்பதை அவர்கள் எதிர்த்தனர். சுரண்டலை எதிர்ப்பதாகவும், படிப்புக்கும் ஓய்வுக்கும் நேரம் தரும் கண்ணியமான வேலையை எதிர்க்கவில்லை என்றும் கூறினர். தங்களைப் பற்றிய முடிவுகளில் தங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றனர். குழந்தை உழைப்பை முற்றாக ஒழிக்கப் போராடி வருபவர்களுக்கு இது கசப்பான பேச்சு. இக்கட்டுரையாளருக்கும் அதில் முழு உடன்பாடு இல்லை. வறுமை தள்ளிய பாதையைத் தன் விருப்பம் என்று குழந்தை கருதுவது புதிதல்ல. ஆயினும் உடன்பாடு இல்லாத கருத்தைக் கேட்காமலே ஒதுக்குவது ஒன்று, கேட்டு மறுத்து அதற்குக் காரணம் கூறுவது வேறொன்று.

இருபது ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலையில் நாடாளுமன்றம் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியது. 14 வயதுக்கு உட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று தடை விதித்த அதே திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத்துக்கு அல்லது குடும்பத் தொழிலுக்கு உதவலாம், அது அபாயகரமானதாக இருக்கக் கூடாது என விலக்கும் அளித்தது. உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்பது நான்கு சுவர்களுக்குள் இருப்பவருக்கே தெரியும். வீட்டிலேயே பீடி சுற்றும் சிறுமியிடமோ, தறியில் அமரும் சிறுவனிடமோ அதைக் கேட்டறிய வேண்டும் என்று சட்டத்தில் பிரிவு ஏதுமில்லை. 2017இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, முன்னறிவிப்பின்றித் தொடர்ந்து 30 நாள்கள் பள்ளிக்கு வராத குழந்தையைப் பற்றித் தலைமையாசிரியர் உரிய அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். இருபத்தொன்பதாம் நாள் வரை வருகைப் பதிவேட்டில் விழும் வெற்றிடங்களைத் தவிர, அக்குழந்தையின் சார்பில் எவரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.