சுலோப்புக்குள் சரிந்த சொற்கள்

கட்டடம் எழும்பும் இடங்களில் இன்று நாள்தோறும் கேட்கும் உரையாடல் ஒன்றுண்டு. மேல்தளத்தைப் பார்வையிடும் பொறியாளர், "சுலோப்பு சரியாக இருக்கிறதா?" என்று வினவுகின்றார். தளத்தில் குந்தியிருக்கும் கொத்தனார், "வாட்டம் பார்த்துத்தான் விட்டிருக்கிறேன், ஐயா" என்று விடையிறுக்கின்றார். வினவியவர் பட்டம் பெற்றவர். விடையிறுத்தவர் பள்ளிப் படியை முழுமையாக ஏறாதவர். ஆயினும் துல்லியமான சொல் யார் நாவில் இருந்தது? கற்றவர் தொலைத்த சொல்லைக் கல்லாதவர் காத்து வைத்திருக்கின்றார் என்பதே இவ்வுரையாடல் நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.

வாட்டம் என்பது வெறுஞ் சாய்வன்று. மழைநீர் தேங்காமல் மடைவாய் நோக்கி வழிந்தோடுதற்பொருட்டுத் தளத்திலும் கால்வாயிலும் மாந்தன் கருதியமைக்கும் தாழ்ச்சியே வாட்டம். கண்ணுக்குச் சற்றும் புலப்படாது. ஒரு குடம் நீரைக் கவிழ்த்தால்தான் தெரியும். இச்சொல்லுக்குள் நீரும் இருக்கின்றது. அந்நீர் செல்ல வேண்டிய திசையும் இருக்கின்றது. 'சுலோப்பு' என்னும் ஒலிக்குள் இவ்விரண்டும் இல்லை.

அவ் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றையும் காண்போம். ஆங்கிலத்தில் அது தொன்றுதொட்டு வழங்கிய பெயர்ச்சொல்லன்று. 'சாய்வாக' என்னும் பொருள்தரும் 'அசுலோப்பு' என்ற அடைமொழியே முந்தியது. அதன் முதலெழுத்துத் தேய்ந்து, எஞ்சிய பகுதி பெயராக நிலைபெற்றது 17-ஆம் நூற்றாண்டிலேயே. இன்று அது பல பணிகளைச் சுமக்கின்றது. மலையின் பக்கமும் அதுவே. பனிச்சறுக்கு விளையாடும் இடமும் அதுவே. கணக்கில் கோட்டின் சாய்வைக் குறிக்கும் எண்ணும் அதுவே. படைவீரன் துப்பாக்கியைத் தோளில் சாய்த்தேந்துதலையும், ஒருவன் ஓசைப்படாமல் நழுவிச் செல்லுதலையும் அச்சொல்லைக் கொண்டே ஆங்கிலர் குறிக்கின்றனர். நுண்ணிய வேறுபாடு காட்ட வேண்டியவிடத்து, இலத்தீனத்தினின்றும் பிரெஞ்சினின்றும் வேறு சொற்களைக் கடன் பெற்றுள்ளனர். அது அவர்கள் மொழியின் இயல்பு; அதில் நாம் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் அவர்தம் தேவைக்கு அவர் ஆக்கிக்கொண்ட ஒரு சொல்லுக்காக, நம் தேவைக்கு நம் முன்னோர் ஆக்கி வைத்த பல சொற்களைக் கைவிடுவது எவ்வாறு அறிவுடைமையாகும்?

அச்சொற்கள் எவையெவை? நடப்பவன் நோக்கில் எழுந்தவை ஏற்றமும் இறக்கமும். நீலமலைத் தொடர்வண்டி மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்திற் புறப்பட்டு 2,203 மீட்டர் உயரம் வரை 46 கிலோமீட்டர் செல்கின்றது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பல்வைத்த தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு அது ஏறுகின்றது. உதகை செல்வார்க்கு ஏற்றமான அப்பாதையே மீள்வார்க்கு இறக்கமாம். நிலம் ஒன்றே, செல்பவன் திசையால் சொல் இரண்டாயிற்று. உழவனுக்கோ தலைமடை, கடைமடை என்னும் இரண்டே சொற்களில் ஒரு பாசனப் பரப்பின் தாழ்ச்சி முழுவதும் அடங்கிவிடும். நீர் எங்கே முதலில் எட்டும், எங்கே எட்டாமற் போகும் என்பதை இச்சொற்களே கூறிவிடுகின்றன.

மலைப்பக்கத்திற்குச் சாரல் என்பது தொன்மையான பெயர். கழக நூல்களில் குறிஞ்சித் தலைவன் சாரல்நாடன் என்றே விளிக்கப்பெறுகின்றான். இன்றோ சாரல் என்றவுடன் குற்றாலத்துத் தூறல் மட்டுமே பலர்க்கு நினைவுக்கு வருகின்றது. மலையைக் குறித்த பொருள் மங்கிவிட்டது. சொல் இருக்கவும் பொருள் நழுவிப் போவதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, தமிழ்ப்பற்றுடையார் சிலர் செய்யும் பிழையொன்றையும் ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். அயற்சொல்லை நீக்கும் ஆர்வத்தில், 'சுலோப்பு' என்று கண்ட இடமெல்லாம் 'சரிவு' என்று மாற்றிவிட்டுத் தம் கடன் முடிந்ததென அமைகின்றனர். மருத்துவமனை வாயிலில் சக்கர நாற்காலி ஏறுதற்குக் கட்டிய வழிக்குச் 'சரிவு' என்று பெயர்ப்பலகை எழுதினால், படிப்பவர் அங்கே ஏதோ இடிந்து விழுந்ததென்றன்றோ அஞ்சுவர்? அதற்குச் சாய்தளம் என்னும் நல்ல சொல் வழக்கிலுண்டு. ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்னும் அளவில் அமைய வேண்டிய அது, சரிந்ததன்று; சாய்த்துக் கட்டப்பெற்றது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்று கட்டுப்படுத்துவதும் தமிழைக் குறுக்குவதே. அயற்சொல் வெளிநின்று செய்யும் குறைப்பை, இவர் உள்நின்று செய்கின்றார், அவ்வளவே வேறுபாடு.

சாய்தல் வேறு, சரிதல் வேறு. சாய்ந்தது சாய்ந்தபடியே நிற்கும், சரிவது நில்லாது. கோட்டின் சாய்வு என்று தமிழகப் பள்ளிக் கணக்குநூல்கள் எழுதுவது பொருத்தமுடைத்து. கோடு சாய்ந்து நிற்குமேயன்றிச் சரியாது. ஈழத்துக் கணக்குநூல்கள் படித்திறன் என வேறொரு சொல்லை ஆள்கின்றன. மலைநிலத்தையோ நம் மக்கள் சரிவு என்றனர். அச்சொல் இடத்தையும் குறிக்கும். அவ்விடத்து மண் நழுவி வீழ்தலையும் குறிக்கும். ஆங்கிலர் இரு வேறு சொற்களால் பிரித்துக் கூறும் இவ்விரண்டையும் தமிழ் ஒரு சொல்லிற் பிணைத்து வைத்தது. இங்கு ஒன்றாயிருத்தலே நுண்மை. மழையில் நனைந்த மலைப்பக்கம் நின்றபடியே இராது என்னும் எச்சரிக்கை அப்பெயரிலேயே பொதிந்துள்ளது.

2014 அக்தோபர் 29 அன்று இலங்கையின் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த குடியிருப்புகளை மண்சரிவு மூடியது. 2024 திசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீடொன்றின்மேல் மண்ணும் பாறையும் சரிந்து, சிறுவர் உள்ளிட்ட எழுவர் மாண்டனர். ஒரு சொல்லை நினைவில் வைத்திருந்தால் இவ்வுயிர்கள் பிழைத்திருக்கும் என்று கூறுவது பொய்யாகும். ஆயினும், மலைப்பக்கத்தில் மனை விற்பவர் அதனைச் 'சுலோப்பு லேண்டு' என்று கூறும்போது வாங்குபவர் செவியில் விழுவது அழகிய காட்சியே. சரிவு நிலம் என்று கூறினால் அவர் ஒரு நொடியாவது தயங்கி மேலே நோக்குவார். அவ்வொரு நொடித் தயக்கத்தைப் பறிப்பதற்கு அயற்சொல்லுக்கு இடந்தரலாமா?

செய்ய வேண்டுவது அரிய செயலன்று. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் குடிசார் பொறியியலைத் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கியது. அவ்வழியிற் கற்பிப்போர் அகரமுதலியை மட்டும் நம்பாது, கொத்தனாரிடமும் உழவரிடமும் மலைவாழ் மக்களிடமும் சென்று சொல் கேட்டல் வேண்டும். நீருக்கு வாட்டம், நடைக்கு ஏற்ற இறக்கம், அளவைக்குச் சாய்வு, மலைமண்ணுக்குச் சரிவு, கட்டிய வழிக்குச் சாய்தளம் என இடமறிந்து ஆளுதல் வேண்டும். தமிழில் சொல் இல்லை என்பார்க்குக் கட்டட வாயிலிலேயே விடையுண்டு. அடுத்த முறை அங்கே செல்லும் தமிழர், "வாட்டம் சரியாக இருக்கிறதா?" என்று வினவட்டும். கொத்தனார் நிமிர்ந்து பார்ப்பார். தம் சொல்லைப் பிறர் வாயிற் கேட்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரியும்.