ஆறு வாரம் கழித்து அவள் எந்த ஊரில் இருப்பாள்?

பிரசவ வார்டில் கருத்தடைக் கருவியான காப்பர்-டி போடுவதை அடியோடு நிறுத்தச் சொல்கிறார் ஒரு கட்டுரையாளர். பச்சை உடம்பில் கருவியைச் செருகுவது கொடுமையாம். வேண்டுமென்பவள் ஆறு வாரம் கழித்து வந்து போட்டுக்கொள்ளட்டுமாம். பிள்ளை பெற்றவளின் நாட்களை அறியாத ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

தாய்வீட்டில் பேறுகாலம் பார்க்கும் ஊர் இது. ஆறாவது வாரம் கையில் குழந்தை, ஆறாத தையல், துணைக்கு வர ஆளில்லை. அதற்குள் புகுந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தால் கணவனும் மாமியாரும் சம்மதித்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அங்கேயே, நஞ்சுக்கொடி வெளியே வந்த பத்து நிமிடத்துக்குள் காப்பர்-டி போடலாம். சிசேரியன் என்றால் கருப்பையைத் தைக்கும் முன்பே வைத்துவிடலாம். 48 மணி நேரம் வரையிலும் வாய்ப்புண்டு. அதைத் தவறவிட்டால் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். அவளுக்குக் கைக்கெட்டும் ஒரே வேளையைப் பிடுங்கிவிட்டு, எட்டாத வேளையைக் காட்டுகிறார்.

கருத்தரிக்காமல் இருக்கத் தாய்ப்பாலே போதும் என்கிறார். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமலும், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமலும், மாதவிலக்கு திரும்பாமலும் இருந்தால் மட்டுமே அது காக்கும். மூன்றில் ஒன்று தவறினாலும் நம்ப முடியாது. காப்பர்-டியில் ஹார்மோன் இல்லை, பால் குறையாது. பிரசவத்தையொட்டிப் போட்டால் நழுவி விழும் வாய்ப்பு சற்று அதிகம் என்பது உண்மை. அதற்குத் தேவை மறுபரிசோதனை, தடை அல்ல. அடுத்த கருவுக்கு இரண்டு ஆண்டாவது இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பச்சை உடம்பின்மேல் அக்கறை உள்ளவர் அதையல்லவா முதலில் பேசியிருக்க வேண்டும்?

கேட்காமலே போட்டுவிடுவதும், வலியில் துடிப்பவளிடம் கையெழுத்து வாங்குவதும் அத்துமீறல். அதைச் செய்பவர் எவரானாலும் தண்டிக்கப்பட வேண்டும். ஆனால் அந்தக் குற்றத்தைக் காட்டி, தானே கேட்டு வருகிறவளையும் திருப்பி அனுப்புவது இன்னொரு அத்துமீறல்.

பிறப்பு விகிதம் சரிந்த பிறகு காப்பர்-டி எதற்கு என்று அவர் கேட்பதுதான் மிக மோசமானது. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. அதே கணக்கெடுப்பில், மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்; ஆண்களின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. எடுத்துவிடக்கூடிய வழியை அடைத்தால், கத்தி ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். கர்ப்பத்தடை வேண்டுவது நாட்டின் வறுமைக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காக என்று பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலிலேயே வாதிட்டுவிட்டார். இவரோ இன்னும் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை: மாதாந்தரப் பரிசோதனையின்போதே செவிலியரிடம் கேளுங்கள். வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டு வேலை செய்யும். நீங்கள் எடுக்கச் சொல்லும் நாளில் மறுக்காமல் எடுத்துவிட வேண்டும்.