கெலுகோரில் ஒரு கம்பம் இருந்தது

கெலுகோர் வட்டாரத்துப் பெயர்களைச் சற்றே கவனித்தால் ஒரு பழைய தோட்டம் கண்முன் விரியும். கெலுகோர் என்பது மீன்கறிக்குப் போடும் அசாம் காய்க்கும் மரம். புக்கிட் கம்பீர், வெற்றிலையோடு மெல்லும் கம்பீர் பயிரின் பெயரைத் தாங்கிய குன்று. புவா பாலா என்றால் ஜாதிக்காய். மின்டன் வளாகத்தில் படிக்கும் நம்மில் பலருக்கு இவை பேருந்தில் கடந்துபோகும் பெயர்கள் மட்டுமே.

கம்போங் புவா பாலா இவ்வட்டாரத்தில் இருந்த தமிழர் கம்பம். பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக் குடும்பத்தின் தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்தோர் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தனர். மாடு வளர்த்தனர், பால் விற்றனர். நகரத்தின் நடுவே பட்டியும் புல்வெளியுமாக இருந்ததால் அதைத் 'தமிழர்களின் ஹை சப்பாரல்' என்று பத்திரிகைகள் எழுதின. அது 1960களில் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். அரிசோனா மாட்டுப்பண்ணைக் கதை. நம்மவர் மாட்டுப்பட்டிக்குப் பெயர் தேட அரிசோனா வரை போயிருக்கிறார்கள்!

அந்த நிலம் 32 லட்சம் வெள்ளிக்கு மாநில அரசின் மூத்த அதிகாரிகள் கூட்டுறவுச் சங்கத்திற்கு விற்கப்பட்டது. 2008 மார்ச்சில் மாநில ஆட்சி மாறியது. விற்றவர் யார், தடுக்கத் தவறியவர் யார் என்று இரு தரப்பும் மாறி மாறிக் குற்றம் சாட்டின. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பின்னர் கூட்டரசு நீதிமன்றமும் கம்பத்து மக்களைக் கைவிட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன.

இரட்டை மாடி வீடு தருவதாகச் சொன்னார்களே, அதற்குமேல் என்ன வேண்டும் என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. வீட்டுக்கு வீடு என்று கணக்குப் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றும். ஆனால் இரட்டை மாடி வீட்டில் மாட்டை எங்கே கட்டுவது? பால்காரருக்குக் கூரை மட்டும் போதாது. புல் வேண்டும், தண்ணீர் வேண்டும், மாடு நடந்துபோக வழி வேண்டும், சாணத்தின் வாடையைப் பொறுத்துக்கொள்ளும் அண்டை வீடு வேண்டும். இவற்றில் ஒன்றுகூட இழப்பீட்டுக் கணக்கில் ஏறுவதில்லை. என் பார்வையில் அன்று அழிந்தது ஒரு தொழில். வீடுகள் அதன் ஒரு பகுதிதான்.

இடைநிலைப்பள்ளிப் புவியியல் பாடத்தில் ஆறு, குன்று, குடியிருப்பு எனக் குறியீடுகள் போட்டு வரைபடம் வரைந்தோம். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கு அதில் குறியீடு இல்லை. தோட்டப்புறத் தமிழருக்கோ அதுவே தலைவிதி. அமெரிக்காவில் 1785ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தை ஆறு மைல் சதுர ஊர்களாக அளந்தது. ஒவ்வோர் ஊரையும் 36 பகுதிகளாகப் பிரித்து, 16ஆம் பகுதியைப் பள்ளிக்கென ஒதுக்கியது. பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம்தான். அதைப் புகழ வரவில்லை. ஆனால் குடியேறியவனுக்குப் பட்டா கிடைத்தது. நம் முன்னோர் காட்டை அழித்து ரப்பர் நட்டனர், கோவில் கட்டினர், பள்ளி எழுப்பினர். அந்தக் கோவிலும் பள்ளியும்கூடக் கம்பெனி நிலத்தில் நின்றன. தோட்டம் கைமாறியதும் பாடுபட்டவர்கள் புறம்போக்குவாசிகள் ஆனார்கள்.

இதை உணர்ந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். தோட்டத் துண்டாடல் மும்முரமாக நடந்த காலத்தில், 1960இல், தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படித்தான் வாங்கப்பட்டது. கூலிக்கு மரம் சீவியவர்கள் தோட்டத்தில் பங்குதாரர் ஆனார்கள். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் நாம் பேசும் பேச்சுகளில் பாதியைக் குறைத்துவிட்டு இதைப் பேசலாம்.

பேரவை உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் தோட்டத்திலோ கம்பத்திலோ வேர் உள்ளவர்கள். அடுத்த பருவ விடுமுறையில் ஊருக்குப் போகும்போது தாத்தா பாட்டியை உட்காரவைத்து ஒரு தாளில் அவர்கள் ஊரை வரையுங்கள். லயம், வாய்க்கால், கோவில், மாடு மேய்ந்த இடம், ஆங்கிலப் பெயருக்கு நம்மவர் வைத்த தமிழ்ப் பெயர் எல்லாம் வரட்டும். கோவிலும் பள்ளியும் நிற்கும் நிலத்தின் பட்டா யார் பெயரில் உள்ளது என்று நில அலுவலகத்தில் கேட்டு, அதையும் ஓரத்தில் எழுதுங்கள். புவா பாலாவில் இடிப்பு இயந்திரம் வந்த பிறகே ஊரெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டது.